காம்போசக் கொல்லை

பத்திரத்தை அச்சடித்து முடித்ததும், வாங்குபவரையும் விற்பவரையும் எதிரே உட்காரவைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படிப்பேன். பூந்தமல்லியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் பத்திரம் எழுதுவது என் தொழில். முப்பது வருடமாக இதைச் செய்கிறேன். பெரும்பாலானவர்கள் நான் படிக்கும்போது கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள். தங்கள் பெயர் வரும்போது மட்டும் நிமிர்ந்துவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் வாய்க்கும் காதுக்கும் ஒரு தடவை சரியாகிவிட்டால் பத்திரம் சரி என்று அர்த்தம். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எதிரே இருந்த இருவரில் விற்பவர் கொரட்டூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். குத்தம்பாக்கத்துக்கு அப்பால் பல வருடங்களுக்கு முன் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்கிறார். வாங்குபவர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தவர், குடியிருப்பிலேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, இனி இந்த ஊர்தான் என்று முடிவு செய்து வீடு கட்ட இடம் தேடியிருக்கிறார். தமிழைப் பட்டறையில் கூட வேலை செய்தவர்களிடம் கற்றிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர் என்றே நினைக்கத் தோன்றும்.

சொத்து விவரத்துக்கு வந்தேன். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், ‘காம்போசக் கொல்லை என்று வழங்கும் புஞ்சை’ என்று படித்ததும் அவர் கையைத் தூக்கினார்.

“மேடம், ஒரு நிமிசம். இப்ப இன்னா படிச்சீங்க?”

“நிலத்தோட விவரம் சார்.”

“அந்தப் பேரு. அத்த மட்டும் திருப்பிப் படிங்க.”

படித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விற்பவர் பயந்துபோனார். ஏதோ வில்லங்கம் என்று நினைத்திருப்பார். “பழைய பத்திரத்துல அப்பிடித்தான் கீது சார், நாங்க எதுவும் சேக்கல” என்றார்.

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? நான் காம்போஜ்” என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய ஆதார் அட்டையில் பெயரின் கடைசிச் சொல்லாக அது இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் நானேதான் அதைத் தட்டச்சு செய்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பதிவு அன்றைக்கே நல்லபடியாக முடிந்தது. முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. டீ வாங்கிக்கொண்டு வந்து என் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து தொழிற்சாலையில் கொடுக்கும் நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். காம்போஜர்கள் என்பது அவருடைய சமூகத்தின் பெயர். பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் பெரும்பாலும் விவசாயம் செய்பவர்கள். ஆதியில் காபூல் ஆற்றுக்கு வடக்கே மலைப் பக்கம் குதிரை வளர்த்தவர்கள் என்றும், அங்கிருந்து பல திசைக்கும் போனார்கள் என்றும் அவர் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். போன வழியெல்லாம் ஊர்ப் பெயர்களில் பதிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆப்கானிஸ்தானில் ‘காம்’ என்று தொடங்கும் ஊர்கள், குஜராத்தில் கடலோரம், மகாராஷ்டிராவில் கோலாப்பூர்ப் பக்கம், வங்காளம் என்று நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். கம்போடியாவும் இருந்தது. பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

“ஊரு பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாதான் இருக்கணுமா சார்?” என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. “எங்க நைனா பொறந்த ஊரு லாகூருக்குத் தெக்கால கீது. பிரிவினைல அல்லாத்தையும் உட்டுட்டு ஓடியாந்தாங்க. கர்னால் பக்கம் ஒரு பொட்டல்ல குடி வெச்சாங்க. அந்த எடத்துக்குப் பேரே கெடையாது. வந்தவங்க இன்னா பண்ணாங்க, உட்டுட்டு வந்த ஊரு பேரையே அதுக்கும் வெச்சிட்டாங்க. நான் பொறந்தது அங்கதான். இப்ப ரெண்டு நாட்டுல ரெண்டு ஊரு, ஒரே பேரு. ஆளு போனா பேரும் கூடவே போவும் மேடம். அத்த நான் என் ஊட்லயே பாத்துட்டேன்.”

 என்னிடமும் சொல்ல நிறைய இருந்தது. தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். மாங்காட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கு எந்தப் பெயர் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆவடி என்பது ராணுவ வாகனக் கிடங்கின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து உண்டானது என்று அந்தப் பக்கம் பாதிப் பேர் நம்புவார்கள். இவரும் அத்தனை வருடமும் அதைத்தான் நம்பியிருந்தார். ஊர் முதலில் இருந்தது சார், தொழிற்சாலை பிறகுதான் வந்தது, பெயருக்குப் பொருந்துகிற மாதிரி யாரோ அப்புறம் ஆங்கிலத்தை ஜோடித்தார்கள் என்று விளக்கினேன். பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது என்றும் சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது.

சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே காம்போசக் கொல்லைக்கு நான் ஒரு கதை ஜோடித்தேன். காம்போசம் தமிழுக்குப் புதிய பெயர் இல்லை. ஐம்பத்தாறு தேசங்களின் பட்டியலில் வருகிறது. கோயிலில் நாகசுரத்தில் வாசிக்கும் காம்போதி ராகத்துக்குக்கூட அந்தத் தேசத்தின் பெயர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. காம்போசத்துக் குதிரை பெயர்பெற்றது. காஞ்சிபுரத்திலிருந்து கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். குதிரை விற்க வந்தவன் எவனாவது இங்கே ஏரித் தண்ணீரைப் பார்த்துத் தங்கியிருப்பான். அவனுக்குக் கொடுத்த நிலம் அவன் பெயரில் நின்றிருக்கும். இவ்வளவையும் தடுமாறாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். என் வாயிலிருந்து வருவதை ஒருவர் அப்படி எழுதிக்கொள்வது நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. தன் சமூகத்து வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டிருக்கிறார். கனடாவிலிருந்துகூட ஆட்கள் பதில் போட்டிருந்தார்கள். தென்கோடியில் நம் பெயரில் நிலம் இருக்கிறது, அதை நம் ஆளே விலைக்கு வாங்கியிருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அண்ணனும் அண்ணியும் பொங்கல் சமயத்தில் வந்து பார்ப்பதற்கு ரயிலில் இடம் போட்டுவிட்டார்கள்.

“ஆனா மேடம், என் நோட்டுக்கு ஒரு சட்டம் கீது” என்றார். “நான் கண்ணால பாக்காத எதையும் பேனாவால எழுத மாட்டேன். இது இப்ப பென்சில்லதான் கீது. இதுக்கு முந்துன பத்திரம் எதுனா கெடைக்குமா? அதுல இந்தப் பேரு எப்பிடி எழுதிகீறாங்கன்னு பாக்கணும்.”

“கிடைக்கும் சார். எங்க போயிடும்” என்றேன். என் தொழிலே அதுதான்.

கொரட்டூர்க்காரர் நிலம் வாங்கிய பத்திரம் என்னிடம் நகலாக இருந்தது. நான் தொழில் கற்றுக்கொண்ட கடையின் முத்திரை அதில் இருந்தது. அங்கே நாங்கள் நான்கு பேர் தட்டச்சு செய்தோம். ஒரு நாளைக்கு எத்தனையோ பத்திரம் போகும். அதனால் முத்திரையைப் பார்த்தபோது பழைய கடையின் ஞாபகம் வந்ததே தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அதற்கு முந்தியது, நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த விவசாயக் குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம். கையால் எழுதியது. அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கினேன். நமக்கு வேண்டிய பக்கம் கறுப்பாக விழுந்திருந்தது. ‘கம்’ என்று தொடங்குவதும் ‘கொல்லை’ என்று முடிவதும் மட்டும் தெரிந்தது.

“கம். பாத்தீங்களா?” என்றார் அவர்.

“நெடில் தெரியல. பழைய கையெழுத்துல கால் போடுறதுல பல பேர் கவனமா இருக்க மாட்டாங்க” என்றேன்.

அசல் பத்திரம் அந்தக் குடும்பத்திடம் இருக்கும். கொரட்டூர்க்காரரிடம் விலாசம் கேட்டு வாங்கினோம். ஒரு சனிக்கிழமை காலை பஞ்சாபிக்காரரின் காரிலேயே கிளம்பினோம். குத்தம்பாக்கம் புதுப் பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது, இங்கே தன் வீடு எழும்பிவிட்டால் கர்னாலிலிருந்து வருபவர்களுக்கு வழி சொல்வது எவ்வளவு சுலபம் என்று பேசிக்கொண்டே ஓட்டினார். எனக்கும் உற்சாகம்தான். அதை மறைப்பதற்கில்லை. இவ்வளவு வருடம் பெயர்களை எழுதிவிட்டு, எந்தப் பெயரையும் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நான் போனதே இல்லை.

அந்தக் குடும்பத்தில் இப்போது மூத்தவர் எழுபதைத் தாண்டியவர். பயிர் வைப்பதை நிறுத்திவிட்டு இரண்டு தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நாங்கள் போனபோது ஒரு லாரியின் குழாயில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார். தலைப்பாகையைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கி, “சாருக்குத் தமிழு வருமா?” என்று என்னிடம் கேட்டார்.

“நல்லா வரும் அண்ணாத்தே. ஆவடிலதான் கீறேன்” என்றார் இவர்.

அதற்குப் பிறகு பெரியவருக்குக் கூச்சம் போய்விட்டது. வந்த விஷயத்தை நான் சொன்னேன். “காம்போசக் கொல்லைன்னு ஒரு புஞ்சை உங்களுதா இருந்ததே, அதோட பழைய பத்திரம் பாக்கணும்” என்றேன்.

“எந்தக் கொல்லைம்மா?”

“காம்போசக் கொல்லை.”

“அப்பிடி ஒண்ணும் நமக்குக் கெடையாதே.” யோசித்தார். “கொரட்டூர்க் கடைக்காரருக்கு எங்க அப்பா குடுத்தாரே, அத்தயா சொல்ற? அது கம்புசோளக் கொல்லை.”

“என்ன கொல்லை?”

“கம்பும் சோளமும் போட்ட கொல்லைம்மா. ஒரு வருசம் கம்பு, ஒரு வருசம் சோளம். கம்புசோளக் கொல்லைன்னுதான் சொல்லுவோம். அதுக்குக் கெழக்கால கேவுருக் கொல்லை, தெக்கால எள்ளுக் கொல்லை. இன்னா போடுவோமோ அதான் பேரு.”

நான் பக்கத்தில் திரும்பவில்லை. திரும்பாமலேயே அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பெரியவர் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோன தாள். வேண்டிய வரி சரியாக மடிப்பில் விழுந்திருந்தது. ‘கம்பு’ என்பதில் உகரச் சுழி அழிந்து ‘கம்ப’ என்று நின்றது. ‘சோ’ தெளிவாக இருந்தது. அடுத்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை. அதற்குப் பிறகு ‘க் கொல்லை’. ஓட்டையை ஒட்டி, வரியின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ‘காம்போச’ என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டிருந்தது.

‘ச’வின் வாலை நான் அப்படித்தான் சுழிப்பேன். இப்போதும் அப்படித்தான்.

எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் பொய். முதலில் அந்த வாலை விரலால் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். பிறகு அந்தப் பழைய கடை, சன்னலோரத்தில் என் இயந்திரம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டிய அவசரம் எல்லாம் வந்தது. எனக்கு இருபத்தி மூன்று வயது. கூட வேலை பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் பட்டதாரி. எழுத்து சிதைந்திருந்தால் வந்திருப்பவரிடம் கேட்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். பெரியவருடைய அப்பா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்திருப்பார். நான் கேட்கவில்லை. படிக்காத மனிதர், அவருக்கு என்ன தெரியும், காம்போசம் என்றால் ஒரு தேசம் என்று எனக்குத் தெரியுமே என்று நினைத்திருப்பேன். நினைத்தேன். பென்சிலால் குறித்துவிட்டு அப்படியே தட்டச்சு செய்தேன். இந்தப் பட்டிக்காட்டுப் பத்திரத்தில் ஒரு பெரிய பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்ததும் நினைவுக்கு வந்தது.

“இன்னா மேடம், யாரோ நடுவுல மாத்திட்டாங்க போல” என்றார் அவர் மெதுவாக.

பெரியவருக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியாது. பஞ்சாபிக்காரருக்கும் தெரியாது. கடையின் முதலாளி இறந்து பல வருடமாகிறது. யாரோ என்று ஒரு தலையசைப்பில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

“யாரோ இல்ல சார். நான்தான்” என்றேன். “இது என் கையெழுத்து. அந்தப் பத்திரத்தை டைப் பண்ணது நான். எழுத்து தெரியல, கேக்காம நானா ஒரு பேர் வெச்சுட்டேன்.”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். தமிழ் பேசுவாரே தவிர எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஓட்டையை விரலால் தொட்டார். பென்சில் எழுத்தைத் தொட்டார். பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அதனால இன்னாம்மா இப்ப? சர்வே நம்பரு சரியாத்தான கீது?” என்று கேட்டார்.

“சரியாதான் கீது அண்ணாத்தே” என்று இவரே பதில் சொன்னார்.

காருக்கு வந்ததும் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.  அவர் கைப்பேசியை எடுத்துக் குழுவுக்கு எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். “நெலத்துக்கு நம்ம பேரு கெடையாது. அது ரெண்டு தானியத்தோட பேரு. எழுத்து அழிஞ்சி தப்பாப் படிச்சிட்டாங்க. நான் இன்னிக்கு என் கண்ணால பாத்தேன். இத்த இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பினவங்களுக்கும் சொல்லிடுங்க. இப்பிடி எழுதிகீறேன். செரியா?”

“யார் தப்பாப் படிச்சதுன்னு எழுதலையே சார்.”

“அது எதுக்கு? நீங்க என்கிட்ட சொல்லிட்டீங்க, போதும்” என்றார். பிறகு, “கஷ்டமாதான் கீது மேடம். ஒரு பத்து நாளு ராஜா மாரி இருந்தேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

குழுவில் எல்லோரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், எதற்கு நீயே அழிக்கிறாய் என்று சிலர் கேட்டார்கள். நில விலைக்காக யாரோ மறைக்கிறார்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பழைய செய்தி இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

செய்ய முடிந்தது ஒன்று இருந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும் என்று அடுத்த வாரம் அவரே வந்து கேட்டார். அளவும் எல்லையும் சர்வே எண்ணும் சரியாக இருக்கும்போது கொல்லையின் பெயருக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள் என்று சொன்னேன். “நாளைக்கு என்ன மாரி ஒரு கிறுக்கன் வருவான் மேடம். இந்தப் பத்திரத்தப் பாத்துட்டு நோட்டுல எழுதிக்குவான்” என்றார். கொரட்டூர்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டார். எழுதியதற்கு நான் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ‘காம்போசக் கொல்லை என்று கைப்பிழையாகக் குறிப்பிடப்பட்டதைக் கம்புசோளக் கொல்லை என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதி, வழக்கம்போல வாய்விட்டுப் படித்தேன். இருவருமே கவனித்துக் கேட்டார்கள்.

அண்ணனும் அண்ணியும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். எதைப் பார்க்க வருகிறார்களோ அதுவே இல்லை என்று ஆகிவிட்டதே. ஆனால் போட்ட ரயிலில் ஏறிப் பொங்கலுக்கு முந்தின நாள் வந்து இறங்கினார்கள். மாட்டுப் பொங்கலன்று மூன்று பேரையும் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அண்ணி கலகலப்பானவர். கம்பு என்றால் என்ன, சோளம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பாஜ்ராவும் ஜோவாரும் தங்கள் ஊரிலும் உண்டு என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. எண்பத்தைந்தைத் தாண்டிய மனிதர், நிமிர்ந்து உட்காருகிறவர். சாப்பிட்டு முடியும் வரை என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்ததும் தம்பியிடம் ஏதோ சொன்னார். தம்பி தயங்கினார்.

“என்ன கேக்குறார் சார்? சொல்லுங்க.”

“அப்பவும் நீங்க கரெக்டுன்னுதான் நெனச்சீங்க. இப்பவும் கரெக்டுன்னு நெனக்கிறீங்க. இப்ப மட்டும் எப்பிடி நம்புறதுன்னு கேக்கறாரு.”

நியாயமான கேள்வி. இத்தனை வருடத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

“அப்ப நான் தனியாப் படிச்சேன். எனக்குத் தெரிஞ்சதை வெச்சு முடிவு பண்ணேன். இப்ப தாள் ஒண்ணு சொல்லுது. அந்த நிலத்துல உழுதவர் நான் எடுத்துக் குடுக்காமலேயே அதையே சொல்றார். பக்கத்து நிலத்துக்கெல்லாம் என்ன பேர்னு அலுவலகத்துல எடுத்துப் பாத்தேன். கிழக்கே கேழ்வரகுக் கொல்லை, தெற்கே எள்ளுக் கொல்லைன்னு பழைய பத்திரங்கள்லயும் இருக்கு. நடுவுல ஒண்ணு மட்டும் வேற தேசமா இருக்காது. நான் நல்லவள்னு நம்ப வேணாம். இந்த மூணையும் நம்பச் சொல்லுங்க.”

தம்பி மொழிபெயர்த்தார். அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். மங்கலான தாள், உருது எழுத்து. லாகூர்ப் பக்கத்து ஊரில் அவர்கள் விட்டுவிட்டு வந்த நிலத்தின் காகிதமாம். அவர்களுடைய அப்பா அதைப் படிப்பாராம். அவருக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. பிள்ளைகள் வெறும் படமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாதா?” என்று கேட்டேன்.

“நைனா பேரு கீது. அது மட்டும் தெரியும்” என்றார் தம்பி.

காபூலையும் கம்போடியாவையும் தேடிக்கொண்டிருக்கிற வீட்டில், சொந்த நிலத்தின் தாள் படிக்கப்படாமல் கிடந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. உங்கள் ஊர்த் தாலுகா கச்சேரி வாசலில் என்னை மாதிரி எழுதுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களில் வயதான ஒருவரைப் பிடித்தால் பழைய உருதுக் கிரயமெல்லாம் படிப்பார், முதலில் இதைப் படிக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். தம்பி அதை மொழிபெயர்க்கும் முன்பே அண்ணன் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார்.

மாசி மாதத்தில் ஒரு காலை, நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. கர்னாலுக்குப் போயிருந்தார். பின்னால் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், ஆளு கெடச்சிட்டாரு. படிச்சாரு. எங்க நெலத்துக்கும் பேரு கீது மேடம். எலந்தமரத்துக் கெணறு. அந்தக் கெணத்துத் தண்ணி பாயுற நெலம்னு எழுதிகீது. எங்க அண்ணனுக்கு அந்த மரம் ஞாபகம் வந்துடுச்சு. சின்ன வயசுல ஏறி வுழுந்தாராம். இப்ப உக்காந்துகினு எல்லார்கிட்டயும் காலத் தூக்கிக் காட்டிகினு கீறாரு.”

அவருடைய குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. நான் மேசையில் சாய்ந்து நின்றபடி கேட்டேன்.

“எத்தனை பேர் படிச்சாங்க சார்?”

“ஒருத்தருதான்.”

“இன்னொருத்தர்கிட்டயும் குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. முதல் ஆள் என்ன சொன்னார்னு அவர்கிட்ட சொல்லாதீங்க.”

“நாளைக்கே போறேன் மேடம்” என்றார்.